பச்சோந்தியைக் கூட்டுக்கு வெளியில விடலாமோ? எங்கட முத்து கதவடியிலயே நிக்குது

மழைத்துளி (ஸ்காபரோ) · சனி, மாலை 6:12

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு 13 வயசு. அவன்ர கரைச்சல் தாங்கேலாமல் அஞ்சு மாசத்துக்கு முந்தி ஒரு கடையில வெய்ல்டு (veiled) எண்ட இனப் பச்சோந்தி ஒண்டு வாங்கினனாங்கள். ரெண்டு மாசக் குட்டி, ஆண் எண்டு சொல்லித்தான் தந்தவை. பேர் முத்து. கூடு 60க்கு 60க்கு 120 செ.மீ., நாலு பக்கமும் வலை. யுவிபி (எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர்) ரியூப், வெயில் காய ஒரு பல்ப், உள்ளுக்கு மணி பிளாண்ட் எல்லாம் இருக்கு.

ரெண்டு கிழமையா முத்து கூட்டுக் கதவடியிலயே நிக்குது. வலையைப் பிடிச்சு மேல ஏறும், இறங்கும், திரும்பவும் ஏறும். மகன் "அம்மா, அது வெளியில வரக் கேக்குது" எண்டு கதவைத் திறந்து விட்டான். தானாவே அவன்ர கையில ஏறி வெளியில வந்திட்டுது. இப்ப ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து ரெண்டு மணித்தியாலம் விடுறான். யன்னல் சீலையில ஏறும், பிறகு நிலத்துக்கு இறங்கி சோபாவுக்குப் பின்னால இருக்கிற பெரிய பூச்சாடியடிக்குப் போகும். திருப்பித் திருப்பி அங்கதான் போகுது.

சாப்பாடு கொஞ்சம் குறைஞ்சிட்டுது. வெளியில சுத்திற சந்தோசமோ தெரியேல்ல. என்ர கேள்வி இதுதான்: இப்பிடி விடுறது சரியோ? முழுநாளும் வெளியில விட்டு வளர்க்க ஏலுமோ? கூட்டுக்குள்ள அடைச்சு வைக்க எனக்கும் மனசு கேக்குதில்லை.

வேப்பங்கிளை (டாலஸ்) · சனி, இரவு 8:40

அக்கா, முழுநாளும் வெளியே வளர்க்க முடியும். நானே வளர்க்கிறேன். மடகாஸ்கர்ல அம்பிலோபே பகுதியோட பாந்தர் வகை, ஆண். மூணு வருஷமா அவனுக்குக் கூண்டே கிடையாது.

ஆனா நீங்க சொல்றதும் நான் செய்றதும் வேற வேற. நான் அவனை வீட்டுல விடலை, வீட்டுக்குள்ள அவனுக்கு ஒரு மரம் கட்டிக் கொடுத்திருக்கேன். ஆறடி உயரத்துல ரெண்டு ஃபைக்கஸ் தொட்டி. நம்ம ஆல், அரசு வகையறா. கூரையிலிருந்து கயிறு கட்டிப் படுக்கைவாட்டுல கிளைகளைத் தொங்க விட்டிருக்கேன். மேல யுவிபி ட்யூப், ஒரு ஓரத்துல வெயில் காய்ற பல்ப், காலையிலயும் ராத்திரியிலயும் தானா நீர் தெளிக்கிற குழாய், கீழ தண்ணி பிடிக்கிற தட்டு. ஃபேன் இல்லாத அறை, கதவு எப்பவும் சாத்தியே இருக்கும்.

அவன் கிளையை விட்டு இறங்குறதே இல்லை. சங்கிலியா கட்டினேன், இல்லையே. அவனுக்கு வேணும்கிற வெயில், நிழல், தண்ணி, மறைவு நாலும் அந்த ரெண்டு தொட்டிக்குள்ளயே இருக்கு. பச்சோந்தி ஊர் சுத்துற ஜீவன் இல்லை. நல்ல இடம் கிடைச்சுட்டா நாள் முழுக்க ஒரே கிளையில உட்கார்ந்திருக்கும். அது நடக்குதுன்னா எதையோ தேடுதுன்னு அர்த்தம். உங்க முத்து திரைச்சீலையில ஏறுறப்போ அங்க அதுக்கு வெயிலும் கிடையாது, தண்ணியும் கிடையாது. ஜன்னல் வழியா வர்ற வெயில்ல யுவிபி இருக்காது, கண்ணாடி அதைத் தடுத்துடும். தினம் ரெண்டு மணி நேரம்னா பெரிய குறை இல்லை, முழுநாள்னா எலும்பு மெலிஞ்சு கால் வளைஞ்சுடும்.

கொப்பு (லண்டன்) · சனி, இரவு 9:55

தங்கச்சி, விடாதேங்கோ. நான் நடந்ததைச் சொல்லுறன்.

2016 தை மாசம். என்னட்டயும் வெய்ல்டு ஆண் ஒண்டு இருந்தது. கை பழகினது, கூப்பிட்டால் வாற மாதிரி இருக்கும். நானும் உங்களை மாதிரி பின்னேரத்தில விடுவன். முதல் தரம் காணாமப் போனது, ரெண்டு மணித்தியாலம் தேடியும் இல்லை. பிறகு ஆரோ சொன்னவை, இருட்டினாப் பிறகு ரோச் லைற்றோட தேடு எண்டு. லைற் எல்லாம் நூத்துப்போட்டு அடிச்சுப் பாத்தால் யன்னல் சீலைக் கம்பிக்கு மேல வெளிறின பச்சையில சுருண்டு படுத்திருக்குது. நித்திரையில அதுகளின்ர நிறம் வெளிறிப்போகும், வெளிச்சம் பட்டால் பளிச்செண்டு தெரியும். மடகாஸ்கரில ஆராய்ச்சிக்குப் போறவையும் ராவிலதான் ரோச் அடிச்சுத் தேடுறவை.

அதோட நிப்பாட்டியிருக்க வேணும். நான் நிப்பாட்டேல்ல. ரெண்டாம் தரம் மூண்டு நாள் காணேல்ல. ரோச் அடிச்சும் இல்லை. கடைசியில உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால, குளிர்த் தரையில இருந்து எடுத்தனான். கண் உள்ளுக்குப் போய், மூக்கில சளி. மருத்துவரிட்டக் கொண்டு ஓடினம், ஊசி போட்டவை. ஒன்பதாம் நாள் செத்துப்போச்சு. என்ர மகளுக்கு அப்ப ஆறு வயசு. இண்டைக்கும் கேப்பாள்.

அறைக்குள்ள மரம் கட்டுற கதை வேற, அதுக்கு இடமும் நேரமும் வேணும். ஒரு சாதாரண வீட்டில ஹீற்றர் இருக்கு, கதவு இருக்கு, கால் இருக்கு, தாளிக்கிற புகை இருக்கு, பூசைக்கு ஊதுபத்தி இருக்கு. கூடு எண்டது சிறை இல்லை, தங்கச்சி. உலகத்தில அதுக்கெண்டு சரியா அளந்து வைச்ச ஒரே இடம் அதுதான்.

வேப்பங்கிளை (டாலஸ்) · சனி, இரவு 10:20

கொப்பு அண்ணா, படிச்சு மனசு கனத்துப் போச்சு. மகள்கிட்ட என் அன்பைச் சொல்லுங்க.

ஒரு இடத்துல மட்டும் மாத்துக் கருத்து. வலைக் கூண்டுதான் ஒரே சரியான இடம்னு சொன்னா, சின்னக் கூண்டுல வச்சுட்டு நிம்மதியாத் தூங்குறவங்களுக்கு அது சாக்காயிடும். கூண்டுக்குள்ள பழகின மிருகம் கூண்டுக்குள்ள திருப்தியாவும் இருக்கணும். இதே கதவோரம் நிக்கிற வேலையை என் ஆளும் செஞ்சான், கூண்டுல இருந்தப்போ. பல்பு அளவுக்கு மீறிச் சுட்டது, கிளைகள் ரெண்டே ரெண்டு. அதைச் சரி பண்ணினதும் நிறுத்திட்டான். மரம் கட்டினது அதுக்கப்புறம்தான்.

மழைத்துளி அக்கா, வெயில் காய்ற இடத்துல எவ்வளவு சூடுன்னு அளந்து பார்த்தீங்களா? வெய்ல்டுக்கு 29லிருந்து 32 டிகிரி செல்சியஸ் போதும்.

மழைத்துளி (ஸ்காபரோ) · சனி, இரவு 11:02

அளந்து பாத்தன், 30. கொப்பு அண்ணா, உங்கட கதை வாசிச்சு மகனும் நானும் அழுதிட்டம். இண்டைக்கே கதவைப் பூட்டியாச்சு. ஆனா முத்து இன்னும் அங்கயேதான் நிக்குது, இப்ப நகத்தால வலையைச் சுரண்டுது.

இன்னொண்டு. மகன்ர தோளில இருக்கேக்க அவன்ர மண்ணிறச் சட்டை நிறத்துக்கே மாறுது. பழகிட்டுது எண்டு அவனுக்குப் பெருமை.

நெல்லைச்சீமை (திருநெல்வேலி) · ஞாயிறு, காலை 7:15

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். நேத்து சாயங்காலம் வள்ளியூர் பக்கம் ரோட்டுல ஒரு பச்சோந்தி மெதுவா நடந்து போயிட்டிருந்துச்சு. லாரி வர்ற ரோடு. மனசு கேக்காம எடுத்துட்டு வந்து வீட்டு முருங்கையில விட்டிருக்கேன். கூண்டு எல்லாம் இல்லை, சுதந்திரமாத்தான் இருக்கு. வெட்டுக்கிளி பிடிச்சுப் போட்டேன், தின்னலை. இப்படியே முருங்கையில வச்சு வளர்க்கலாமா?

செதில் (கொலோன்) · ஞாயிறு, காலை 10:30

நான் இங்கே ஊர்வனவும் பார்க்கும் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளர். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நெல்லைச்சீமை, நீங்கள் எடுத்தது இந்தியப் பச்சோந்தி. நம் ஊர் வறண்ட காடுகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் வாழும் ஒரே பச்சோந்தி இனம் அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. கூண்டில் வைத்தாலும் முருங்கையில் வைத்தாலும் வளர்ப்பது குற்றம். நல்ல எண்ணத்தில் எடுத்தீர்கள், அதில் சந்தேகமில்லை. இன்றே வனத்துறையிடம் சொல்லுங்கள். எடுத்த இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள், அது எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதையும். மரத்தில் வாழும் இந்த உயிர் தரைக்கு இறங்கி நடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், பெண்ணாக இருந்தால், முட்டையிட மண் தேடுவது.

மழைத்துளி, மேலே எழுதிய கடைசி வரியை எழுதும்போதுதான் உங்கள் பதிவை மறுபடியும் படித்தேன். கதவோரம் ஓயாமல் நடக்கிறது. சாப்பாடு குறைந்துவிட்டது. வெளியே விட்டால் தரைக்கு இறங்கி ஒரே பூச்சாடிக்குப் போகிறது. வயது ஏழு மாதம். முத்துவின் பின்னங்காலைப் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வெய்ல்டு ஆணுக்குப் பொரிக்கும்போதே குதிகாலில் சின்ன முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அது இல்லை.

சட்டை நிறத்துக்கு மாறவில்லை. பச்சோந்தி பின்னணியைப் பார்த்து நிறம் மாற்றுவதில்லை. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பாந்தர் பச்சோந்தியை வைத்துக் கண்டறிந்தார்கள்: தோலின் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன, தோலின் மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியடையும்போது படிகங்களின் இடைவெளி கூடி நிறம் மாறுகிறது. இருண்ட மண்ணிறம் என்றால் பயம், குளிர், உடம்பு சரியில்லை, இவற்றில் ஒன்று. ஆளுக்கேற்ப நிறம் மாற்றுகிறவன் என்று மனிதர்களைத் திட்ட இதன் பெயரைத்தான் எடுக்கிறோம், இது பாவம் உள்ளே இருப்பதை மறைக்கவே தெரியாத உயிர்.

கொப்பு (லண்டன்) · ஞாயிறு, காலை 10:48

செதில் சொன்னதுதான். நேற்று நானும் என்ர கதையைச் சொல்லுற அவசரத்தில பூச்சாடியைக் கவனிக்கேல்ல. தங்கச்சி, படத்தைக் கெதியாப் போடுங்கோ.

மழைத்துளி (ஸ்காபரோ) · ஞாயிறு, காலை 11:37

இப்பதான் எழும்பினனாங்கள். [படம்] [படம்]

முள்ளு ஒண்டும் இல்லை. ரெண்டு காலிலயும் வழுவழுப்பா இருக்கு. பக்கத்தில நீல நிறப் பொட்டுகள் வந்திருக்கு, வடிவா இருக்கு எண்டு நாங்கள் படம் எல்லாம் எடுத்து வைச்சனாங்கள். ஆனா வேற பச்சோந்தி ஒண்டோடயும் சேரேல்லையே, பிறகு எப்பிடி முட்டை?

செதில் (கொலோன்) · ஞாயிறு, காலை 11:50

பெண்தான். அந்த நீலப் பொட்டுகள் பருவம் வந்ததைக் காட்டுகின்றன. வெய்ல்டு பெண் சேராமலேயே முட்டையிடும், கோழி போல. கருவில்லாத முட்டைகள்.

இப்போது பொறுமையாகக் கேளுங்கள், பயப்பட வேண்டாம். தோண்ட இடம் இல்லாவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும், அதுதான் உயிருக்கு ஆபத்து. இரண்டு வாரமாக அது கேட்டது வெளியே போக இல்லை, ஈர மண்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள், நீளமும் அகலமும் ஆழமும் 30 செ.மீ.யாவது இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் மணலைக் கழுவி நிரப்புங்கள். ஈரம் முக்கியம்: விரலால் சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்க வேண்டும், கீழே தண்ணீர் தேங்கக் கூடாது. கூட்டின் தரையில் வையுங்கள், அதிலிருந்து ஏறி வர ஒரு கிளை சாய்த்து வையுங்கள். பிறகு கூட்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடுங்கள். தோண்டும்போது ஒரு முகம் தெரிந்தாலும் வேலையை விட்டுவிடும், மறுபடி தொடங்குவதற்கு நாளாகும். மகன் எட்டிப் பார்க்கவே கூடாது. தண்ணீர் தெளிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலோ, கிளையைப் பிடிக்க முடியாமல் தரையில் படுத்தாலோ, முட்டை இல்லாமல் தோண்டித் தோண்டி ஓய்ந்து போனாலோ இங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் உடனே போங்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

மழைத்துளி (ஸ்காபரோ) · ஞாயிறு, மதியம் 3:26

மணல் வாங்கி வைச்சாச்சு. கனடாவில பங்குனி மாசம் விளையாட்டு மணல் தேடுறது லேசில்லை, நாலு கடை ஏறி இறங்கினம். பழைய வேட்டி ஒண்டால கீழ்ப்பாதியைச் சுத்தி மூடியிருக்கு. மருத்துவரும் கண்டுபிடிச்சாச்சு, 40 நிமிச ஓட்டம். வைச்சு அரை மணித்தியாலத்தில முத்து இறங்கிப்போய் மணலுக்கு மேல நிண்டது. பிறகு நாங்கள் பாக்கேல்ல.

நெல்லைச்சீமை (திருநெல்வேலி) · திங்கள், இரவு 8:05

நேத்தே வனத்துறைக்குச் சொன்னேன். இன்னைக்குக் காலையில ரெண்டு பேரு வந்தாங்க. வயிறு புடைச்சிருக்கு, சினையா இருக்கலாம்னு அவங்களும் சொன்னாங்க. என்னையும் ஜீப்புல கூட்டிட்டுப் போய், எடுத்த இடத்துல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அது போயிட்டிருந்த பக்கமே விட்டாங்க. கொஞ்ச நேரம் அசையாம நின்னுச்சு. அப்புறம் ஒரு உடை மரத்து அடியில செம்மண்ணுக்குள்ள போச்சு. இனி ரோட்டுல பார்த்தா வீட்டுக்குக் கொண்டு வராம, அது போற பக்கம் கடத்தி விட்டாப் போதும்னு சொன்னாங்க.

மழைத்துளி (ஸ்காபரோ) · செவ்வாய், மாலை 5:48

முத்து நேற்று முழுநாளும் மேல வரேல்ல. இரவு மணலுக்குள்ள வால் நுனி மட்டும் தெரிஞ்சது, மகன் நித்திரை கொள்ளவே இல்லை. இண்டைக்கு மத்தியானம் மேல வந்திட்டுது. உடம்பு முழுக்க மணல், வயிறு ஒட்டிப்போய் முதுகெலும்பு தெரியுது. தானாவே மண்ணைத் தள்ளிக் குழியை மூடிப்போட்டுத்தான் வந்திருக்கு. நீர் தெளிக்க இலையில இருந்து பத்து நிமிசம் விடாமக் குடிச்சது. மகன் மணலைக் கிளறி எண்ணினான், 41 முட்டை.

கதவடிக்கு ஒருக்காலும் போகேல்ல. மேல் கொப்பில பல்புக்குக் கீழ இருக்கு, பச்சை நிறத்தில.

செதில் (கொலோன்) · செவ்வாய், மாலை 6:10

இந்த வாரம் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தேன். மகனுக்கு என் வாழ்த்து.

முட்டைகளை எடுத்துவிடலாம், பொரிக்காது. இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், கிரிக்கெட் பூச்சியோ டூபியா கரப்பானோ, ஒவ்வொரு தடவையும் கால்சியம் தூவி. உடம்பு தேறிய பிறகு சாப்பாட்டைக் குறைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும், வெயில் காயும் இடத்தையும் 27 டிகிரிக்கு இறக்குங்கள். பெண் வெய்ல்டு அதிகம் தின்றால், அதிகம் சுட்டால், முட்டைகளும் அதிகமாகும். மணல் தொட்டியை எடுக்க வேண்டாம், இனி அது கூட்டின் நிரந்தரச் சாமான்.

மழைத்துளி (ஸ்காபரோ) · செவ்வாய், இரவு 7:30

கட்டாயம். இன்னும் ஒரு கேள்வி. முத்து தேறினாப் பிறகு, வேப்பங்கிளை தம்பி சொன்ன மாதிரி ஒரு மரம் வைச்சு, வார இறுதியில கொஞ்ச நேரம் அதில விடலாமோ? கோடையில வளவுக்குள்ள செம்பருத்தியில விடலாமோ எண்டும் மகன் கேக்கிறான்.

வேப்பங்கிளை (டாலஸ்) · செவ்வாய், இரவு 8:15

தாராளமா, அக்கா. ஒரு ஃபைக்கஸ் தொட்டியைக் கூண்டுக் கதவுக்குப் பக்கத்துல வச்சு, நடுவுல ஒரு கிளையைப் பாலமா கட்டுங்க. நீங்க தூக்கி வைக்காதீங்க, அதுவா நடந்து போய் அதுவா திரும்பணும். கையில எடுக்க வேண்டி வந்தா கீழிருந்து முன்னாடி கையை நீட்டுங்க, அது ஏறிக்கும். கிளையிலிருந்து பிடிச்சு இழுத்தா நகம் பிய்ஞ்சு போயிடும். யுவிபி ட்யூபு வலைக்கு மேல இருக்குறப்போ ஒரு சாண் தூரம் சரி, மரத்துக்கு வலை இல்லாததால இன்னும் தள்ளி வைங்க. வெய்ல்டு இலை தின்னும், அதனால கடையில வாங்கின செடியைக் கழுவி மண் மாத்தின பிறகு வைங்க. அரளி, டிஃபன்பாக்கியா மாதிரி விஷச் செடி அந்த அறையிலயே வேண்டாம். சமையலறை பக்கம் கூடவே கூடாது, ஊர்வன மேல சால்மொனெல்லா இருக்கும். தொட்டுட்டு சோப்பு போட்டுக் கை கழுவணும், வீட்டுல 5 வயசுக்குக் கீழ குழந்தை வந்தா அன்னைக்கு வெளியே விடாதீங்க.

வளவு விஷயத்துல நான் கொப்பு அண்ணா பக்கம். வலைக் கூண்டோட வெயிலுக்குத் தூக்கி வைங்க, பாதி நிழலா இருக்கட்டும். 1972ல ஹவாய்ல ஓவாஹு தீவுக்கு விற்பனைக்கு வந்த ஜாக்சன் பச்சோந்திகள் வாடிப் போயிருந்ததுன்னு தேறட்டும்னு தோட்டத்துல விட்டாங்க. அதுங்க அங்கிருந்து பரவி, இன்னைக்கு அந்தத் தீவுகளோட சொந்த நத்தைகளையும் பூச்சிகளையும் தின்னுட்டு இருக்கு. ஃப்ளோரிடாவுல உங்க முத்துவோட இனமே காட்டுல பெருகிக் கிடக்கு. டொரோண்டோ குளிர்ல பெருகாது, ஆனா தொலைஞ்சா செத்துப்போயிடும்.

கொப்பு (லண்டன்) · செவ்வாய், இரவு 8:52

தம்பி சொன்னது அவ்வளவும் சரி. பாலம் கட்டுற யோசனை எனக்கு அப்ப தெரியேல்ல. நான் ஒண்டு மட்டும் சேர்க்கிறன்: விடுற நேரம் ஒருத்தர் அந்த அறையை விட்டு அசையக் கூடாது. போனைப் பாத்துக்கொண்டிருக்கிறதும் அசையிறதுதான். கதவுக்கு வெளியில ஒரு கடுதாசி ஒட்டுங்கோ.

மழைத்துளி (ஸ்காபரோ) · செவ்வாய், இரவு 9:20

மகன் இப்பவே எழுதி ஒட்டிப்போட்டான், மரம் வாங்க முந்தியே. "முத்து வெளியில நிக்கிறாள். கதவைத் தட்டிப்போட்டு நில்லுங்கோ. நான் சொன்னாப் பிறகு வாங்கோ."